கண்ணுக்கே தெரியும் கொரோனாவைப் பார்க்க விண்வெளியில் புற ஊதாக் கருவி எதற்கு?

டொங்காட் செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். 2030 நவம்பர் 25 காலை வரும் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை நமீபியா, போட்ஸ்வானா தாண்டி தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு நட்டால் கரை வழியாகத்தான் கடலுக்குள் இறங்குகிறது. இப்போதே என்ன அவசரம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். 2002 டிசம்பரில் லிம்போபோ வரைக்கும் பக்கியை (பிக்கப் வண்டியை) ஓட்டிக்கொண்டு போய், சரியாக அந்த நேரத்தில் மேகம் வந்து மூடியதைப் பார்த்தவன் நான். இந்த முறை படித்துவிட்டுத்தான் போவேன்.

படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். முழு மறைப்பில் கொரோனா, அதாவது சூரியனைச் சுற்றியுள்ள வெளி வாயு மண்டலம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அப்படி இருக்க, 1995 டிசம்பரில் கிளம்பிய சோஹோ கலத்தில் யூவிசிஎஸ் என்று ஒரு புற ஊதா நிறமாலைமானியை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கருவியை) ஏற்றி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஏன் நிறுத்தினார்கள்? கொரோனாவைப் படம் எடுக்க லாஸ்கோ என்று இன்னொரு கருவியும் அதே கலத்தில் இருந்ததே. படம் போதாதா? கணக்கு வேண்டாம், விஷயம் புரிந்தால் சரி.

விண்மகள்

தம்பி, கிரகணத்தில் நீங்கள் பார்க்கும் அந்த முத்து வெள்ளை பெரும்பாலும் கொரோனாவின் சொந்த ஒளி இல்லை. கீழே ஒளிக்கோளத்திலிருந்து, அதாவது நாம் அன்றாடம் காணும் சூரியப் பரப்பிலிருந்து, வரும் வெளிச்சம் கொரோனாவில் இருக்கும் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறி நம்மிடம் வருகிறது. அதனால் அந்தப் படம் 'எந்த இடத்தில் எத்தனை எலக்ட்ரான்' என்ற ஒரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். அங்கே ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக ஆடுகிறது, ஹைட்ரஜன் எவ்வளவு சூடு, சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் துகள்கள், எந்த வேகத்தில் வெளியே போகிறது என்று கேட்டால் அந்தப் படத்தில் விடை இல்லை.

அதற்கு அணுவும் அயனியும் விடும் கோடுகள், அதாவது தமக்கே உரிய அலைநீளத்தில் மட்டும் விடும் ஒளி, வேண்டும். கொரோனா போன்ற சூடான வாயுவின் பலமான கோடுகள் பெரும்பாலும் புற ஊதாவில்தான் விழுகின்றன. ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா 121.6 நானோமீட்டரில். ஐந்து எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் ஜோடிக் கோடுகள் 103.2, 103.8-ல். ஏறக்குறைய 300 நானோமீட்டருக்குக் கீழே எது வந்தாலும் நம் காற்றில் உள்ள ஓசோனும் ஆக்சிஜனும் விழுங்கிவிடும். டிராகன்ஸ்பெர்க் மலை உச்சியில் ஏறினாலும் பயனில்லை. மேலே போவதைத் தவிர வேறு வழியே கிடையாது.

ஒரு கோடு கிடைத்துவிட்டால் அதிலிருந்து மூன்று விஷயம் படிக்கலாம். எந்த அலைநீளத்தில் விழுகிறது என்பது நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம். எவ்வளவு அகலம் என்பது துகள்கள் எவ்வளவு தாறுமாறாக ஓடுகின்றன என்பது. எவ்வளவு பிரகாசம் என்பது அடர்த்தியோடு இன்னொன்றையும் சொல்லும். அந்த இன்னொன்றுதான் இதில் சுவாரசியம். பிறகு வருகிறேன், வேலை இருக்கிறது.

கரும்புக்காட்டான்

கொரோனாவின் கோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இருக்கிறதே அக்கா. பச்சைக் கோடு, 530.3 நானோமீட்டர். அதைத் தரையிலிருந்தே 1869-ல் பார்த்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்யும் முன் இருக்கிற கோட்டை முழுசாகப் பயன்படுத்தினார்களா என்று கேட்கிறேன்.

பழைய வாத்தியார்

அந்தக் கதையை நான் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லிப் பழகியது.

1869 ஆகஸ்ட் கிரகணத்தில் அமெரிக்காவில் யங், ஹார்க்னஸ் என்ற இருவர் தனித்தனியே அந்தப் பச்சைக் கோட்டைக் கண்டார்கள். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. முந்திய ஆண்டு நம் குண்டூர்ப் பக்கம் தெரிந்த கிரகணத்தையொட்டி ஹீலியத்தின் மஞ்சள் கோடு அகப்பட்டிருந்தது. அதனால் இதுவும் ஒரு புதுத் தனிமமாக இருக்கும் என்று 'கொரோனியம்' எனப் பெயர் வைத்துவிட்டார்கள். எழுபது வருடம் அது புத்தகங்களில் உலாவியது. கடைசியில் 1939-ல் குரோட்ரியன், அதன்பின் எட்லேன் இருவருமாக அதை அவிழ்த்தார்கள்: அது 13 எலக்ட்ரான் இழந்த சாதாரண இரும்பு. இரும்பிலிருந்து அத்தனை எலக்ட்ரானைப் பிடுங்க இருபது லட்சம் டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கீழே ஒளிக்கோளம் 5,500 டிகிரி செல்சியஸ், மேலே லட்சக்கணக்கில். இந்தப் புதிர் பிறந்தது அப்போதுதான்.

ஆக, பச்சைக் கோடு தன் வேலையைச் செய்தது, காட்டான். ஆனால் உயரம் போகப் போக அது சீக்கிரம் மங்கிவிடும். கிரகணம் இல்லாத நாளில் நம் வானத்தின் வெளிச்சமே அதை அமுக்கிவிடும். சூரியக் காற்று வேகம் பிடிக்கும் இடமோ அதற்கும் மேலே. யூவிசிஎஸ் சூரிய மையத்திலிருந்து சுமார் ஒன்றரை சூரிய ஆரம் முதல் பத்து ஆரம் வரை பார்த்தது. நடு வட்டை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கி, மீதியை ஒரு மெல்லிய பிளவு வழியாகப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. நாள் முழுக்க, வருடக்கணக்கில். இயற்கைக் கிரகணம் தருவது சில நிமிடம்.

பிஎம்பி அகிலா

வாத்தியார் ஐயா, நான் எங்கேயோ படித்தேன், அந்தக் கருவி ஆக்சிஜன் 10 கோடி டிகிரிக்கு மேல் என்று கண்டதாம். சூரியனின் நடுவிலேயே ஒன்றரைக் கோடிதானே? வெளியே அதைவிட அதிகமா? அப்படியென்றால் அங்கேயும் அணுக்கரு இணைவு நடக்காதா, அந்தப் பக்கம் போகிற பார்க்கர் கலம் உருகாதா? என் மகள் கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விண்மகள்

மகளிடம் சொல்லுங்கள், நல்ல கேள்வி. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடிக்கிறோம். பறக்கும் பொறி ஆயிரம் டிகிரி தாண்டும், கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. வெப்பநிலை என்பது ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகம் என்பது. எத்தனை துகள் வந்து மோதுகிறது என்பது தனிக் கணக்கு. கொரோனாவின் அடிப்பகுதியிலேயே ஒரு கன சென்டிமீட்டரில் பத்துக் கோடி துகள் அளவுதான். கேட்கப் பெரிதாக இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது நல்ல வெற்றிடம். ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவே அரிதான இடத்தில் இணைவு நடக்காது.

இனி அந்த 10 கோடி. சூரிய நடவடிக்கை தாழ்ந்திருந்த 1996, 97-ல் யூவிசிஎஸ் துருவக் கொரோனா துளைகளைப் பார்த்தது. வேகக் காற்று கிளம்பும் இடம் அது. ஆக்சிஜன் கோடுகள் எதிர்பார்த்ததை விட மிக அகலமாக இருந்தன. ஓர் அளவுகோல் சொல்கிறேன். ஆக்சிஜன் ஹைட்ரஜனை விட 16 மடங்கு கனம். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஆக்சிஜன் நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் ஆக்சிஜனின் வெப்பநிலை 16 மடங்கு. அங்கே கண்டது இரண்டுக்கும் மேல்: கனமான ஆக்சிஜன், லேசான ஹைட்ரஜனை விட வேகமாக ஆடுகிறது!

அதுவும் எல்லாத் திசையிலும் இல்லை. காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே அந்த ஆட்டம் பெரிது, கோட்டின் போக்கில் மிகக் குறைவு. அதே இடத்தில் எலக்ட்ரான்கள் பத்து லட்சம் கெல்வினை ஒட்டியே நிற்கின்றன, புரோட்டான்கள் சில பத்து லட்சம். ஒரே இடம், மூன்று வெவ்வேறு வெப்பநிலை. 'கொரோனாவின் வெப்பநிலை என்ன' என்று ஒற்றை எண்ணைக் கேட்பதே அங்கே பொருந்தாது. செல்வம், படம் போதாதா என்றீர்களே, இதை எந்தப் படமும் காட்டாது.

டொங்காட் செல்வம்

இது நன்றாகப் புரிந்தது அக்கா. ஆனால் ஒரு சந்தேகம். துருவத்தில் காற்று நமக்குப் பக்கவாட்டில், மேல்நோக்கிப் போகிறது. நம்மை நோக்கி வந்தால்தானே டாப்ளர் நகர்வு, அதாவது வேகத்தால் கோடு இடம் மாறுவது, தெரியும்? வெளியேறும் வேகத்தை எப்படி அளந்தார்கள்?

விண்மகள்

விட்டு வைத்த 'இன்னொன்று' அதுதான். ஆங்கிலத்தில் டாப்ளர் டிம்மிங் என்கிறார்கள், டாப்ளர் மங்கல் என்று வைத்துக்கொள்வோம்.

கொரோனாவில் கோடியில் ஒரு சில ஹைட்ரஜன் மட்டும் எலக்ட்ரானோடு சேர்ந்து நடுநிலை அணுவாக இருக்கும். கீழே நிறக்கோளத்திலிருந்து (ஒளிக்கோளத்துக்கு மேலுள்ள அடுக்கு) பலமான லைமன் ஆல்ஃபா ஒளி மேலே வருகிறது. அந்த அணு அதே அலைநீளத்தை வாங்கி, அதே அலைநீளத்தில் நம் பக்கம் திருப்பி விடுகிறது. இப்போது அந்த அணு வெளியே ஓடுகிறது என்று வையுங்கள். கீழிருந்து துரத்தி வரும் ஒளி அதன் பார்வையில் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். தனக்குரிய அலைநீளம் இல்லையென்றால் அணு வாங்காது. வாங்காவிட்டால் திருப்பித் தராது. ஓட்டம் கூடக் கூடக் கோடு மங்கும். மங்கியதின் அளவிலிருந்து வேகம்.

ஆக்சிஜன் ஜோடியில் இன்னும் அழகு. 103.2-ம் 103.8-ம் மோதலால் மட்டும் ஒளிர்ந்தால் பிரகாச விகிதம் இரண்டுக்கு ஒன்று. கீழிருந்து வாங்கித் திருப்பினால் நாலுக்கு ஒன்று. காற்று வேகம் எடுக்க எடுக்க விகிதம் நாலிலிருந்து இரண்டை நோக்கி இறங்கும். அதற்கும் மேல் வேகம் போனால், கார்பனின் ஒரு கோடு 103.8-க்குப் பக்கத்திலேயே இருப்பதால், அது நகர்ந்து வந்து ஆக்சிஜனின் மங்கலான கோட்டுக்குத் தீனி போடும். விகிதம் இரண்டுக்கும் கீழே போய்விடும். வினாடிக்கு 170 கிலோமீட்டர் அளவில் இது உச்சம் தொடுகிறது. இயற்கையே வைத்துக் கொடுத்த வேகமானி. ஜான் கோல், ஜியான்கார்லோ நோச்சி போன்றவர்கள் இந்த முறையை 1980-களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள், கருவி பறக்கும் முன்பே.

மதுரைக்காரன் டர்பனில்

கோல் பெயர் வந்ததால் ஒரு கதை. அவர்கள் குழு 1979-ல் ராக்கெட்டில் இதைச் சோதித்தது. ராக்கெட் மேலே நிற்பது சில நிமிடம்தான். அப்புறம் ஸ்பார்ட்டன் 201 என்று ஒரு சிறு கலம். ஷட்டிலில் கொண்டுபோய் வெளியே விட்டு, ஓரிரு நாள் சூரியனைப் பார்க்க வைத்து, திரும்பப் பிடித்து வருவது. 1997 நவம்பரில் அந்தக் கலத்தைக் கையாண்டவர் யார் தெரியுமா? கல்பனா சாவ்லா, முதல் பயணத்தில். வெளியே விட்டதும் கலம் செய்ய வேண்டிய திருப்பத்தைச் செய்யவில்லை, மறுபடி பிடிக்கப் போகும்போது சுழல ஆரம்பித்தது. கடைசியில் வின்ஸ்டன் ஸ்காட்டும் தக்காவோ டோயும் வெளியே போய்க் கையாலேயே பிடித்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் சாவ்லா மேல் பழி போட்டன. விசாரணையில் மென்பொருள் இடைமுகமும் நடைமுறை வகுத்த விதமும்தான் கோளாறு என்று வந்தது.

அடுத்த வருடம் ஜூனில் சோஹோவே கட்டுப்பாடு இழந்து தொலைந்துபோனது. அரெசிபோ ரேடார் போட்டுத் தேடினார்கள், எரிபொருள் உறைந்து கிடந்தது, இளக்கி உயிர்ப்பித்தார்கள். அது மீண்ட கையோடு, 1998 அக்டோபர் இறுதியில் ஜான் கிளென் போன அதே ஷட்டிலில் ஸ்பார்ட்டன் மறுபடி போய் வேலையை முடித்தது. உறைந்து எழுந்த யூவிசிஎஸ் இன்னும் சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தரவு உதவியது. முந்திய வருடம் தவறியதில் ஒரு லாபம் என்றே சொல்லலாம்.

கரும்புக்காட்டான்

கதை நன்று. ஆனால் நீங்கள் எல்லோரும் 10 கோடியை வேதவாக்காக எடுக்கிறீர்கள். கொரோனா கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் வாயு. பிளவு வழியாக வருவது ஒரு புள்ளியின் ஒளி இல்லை. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறது. முன்பகுதி நம் பக்கம் சாய்ந்து வரும், பின்பகுதி விலகிப் போகும். இரண்டும் சேர்ந்தாலே கோடு அகலமாகிவிடுமே? ரவாஃபியும் சோலங்கியும் 2004, 2006-ல் இதைத்தான் எழுதினார்கள்: அடர்த்தியை வேறு விதமாக எடுத்தால் குறுக்கே-நேரே என்ற அந்தப் பெரிய வேறுபாடு இல்லாமலேயே அந்தக் கோடுகளை வரவழைக்கலாம் என்று.

விண்மகள்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள், அது லேசான ஆட்சேபம் இல்லை. இதற்காகவே கிரான்மர், பனாசியுக், கோல் மூவரும் துருவத் துளைத் தரவுகளை மறுபடி எடுத்து, வேகம், வெப்பநிலை, வேறுபாடு எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான சேர்க்கைகளில் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டு 2008-ல் வெளியிட்டார்கள். அடர்த்தி மாற்றத்தால் விளக்க முடிகிற பகுதி உண்டு. ஆனால் இரண்டு ஆரத்துக்கு மேலே ஆக்சிஜன் புரோட்டானை விடச் சூடு, குறுக்கே சூடு அதிகம் என்பது தங்கியது. எனக்கு அது போதுமானதாகப் படுகிறது. உங்களுக்குப் படாவிட்டால் உங்களுக்குத் துணை உண்டு. இன்னொன்று, ரவாஃபி பிறகு பார்க்கர் திட்டத்தின் அறிவியல் பொறுப்பாளரே ஆனார். சந்தேகப்பட்டவர் கலத்தோடு நேரிலேயே போய்ப் பார்க்கிற நிலை!

காரணம் என்ன என்பதில் சண்டை இன்னும் பெரியது. காந்தக் கோட்டைச் சுற்றி ஒவ்வொரு அயனியும் தனக்கென ஒரு அதிர்வெண்ணில் சுழலும். கனமான அயனிக்கு அது குறைவு. அதே அதிர்வெண்ணில் அலை வந்தால் அயனி அதை உறிஞ்சும், சுழற்சி பெரிதாகும். அதாவது குறுக்கே சூடாகும். குறைந்த அதிர்வெண்ணில்தான் அலையின் ஆற்றல் அதிகம் என்பதால் கனமானவற்றுக்கு முதல் பந்தி. மேலே போகப் போகக் காந்தப்புலம் விரிவதால் அந்தக் குறுக்கு ஆட்டம் வெளிநோக்கிய தள்ளலாக மாறும். பொருந்தி வருகிறது. ஆனால் அந்த அலைகள் அங்கே எப்படி உண்டாகின்றன? கீழிருந்து வரும் நீண்ட அலைகள் கொந்தளித்துச் சிறிதாக உடைந்தா, வழியிலேயே பிறந்தா? அதில்தான் ஆளுக்கொரு கட்சி.

மதுரைக்காரன் டர்பனில்

இதற்கெல்லாம் நம் ஆதித்யா எல்1 பதில் சொல்லிவிடும் பாருங்கள். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-ல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். புற ஊதாக் கருவியும் இருக்கிறது.

விண்மகள்

பெருமைதான், எனக்கும். ஆனால் அதிலுள்ள சூட் என்ற புற ஊதாக் கருவி 200 முதல் 400 நானோமீட்டர் வரை படம் எடுப்பது. ஒளிக்கோளத்தையும் நிறக்கோளத்தையும் பார்க்கும், கொரோனாக் கோடுகளை இல்லை. கொரோனாவைப் பிரித்துப் பார்ப்பது வெல்க் என்ற கருவி. அது எடுப்பது கண்ணுக்குத் தெரியும் 530.3-ம் அகச்சிவப்புக் கோடுகளும். காட்டானின் பச்சைக் கோடு விண்வெளிக்கே போய்விட்டது என்று சொல்லுங்கள். லைமன் ஆல்ஃபாவில் கொரோனாவைப் பார்க்க இன்று சோலார் ஆர்பிட்டரில் மெட்டிஸ் இருக்கிறது, ஆனால் அது படம். அதே கலத்தில் ஸ்பைஸ் என்ற நிறமாலைமானி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வட்டையும் விளிம்பையும் பார்ப்பது. உயரத்தில், பிளவு வைத்து, ஆக்சிஜன் ஜோடியின் அகலத்தை அளக்க யூவிசிஎஸ்ஸின் இடத்தை நிரப்ப எதுவும் வரவில்லை. என் மனக்குறை அதுதான். பார்க்கர் போகிற இடத்தில் தொட்டுப் பார்க்கிறது, 2024 டிசம்பரில் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை போனது. அது கூட மையத்திலிருந்து பத்து ஆரத்துக்குச் சற்று உள்ளே வரைதான். ஆக்சிஜன் சூடேறுவது அதற்கும் கீழே.

பழைய வாத்தியார்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கேப்பில் ஹெர்மானஸில் நம் நாட்டின் விண்வெளி வானிலை மையம் இருக்கிறது. அங்குள்ள காந்த ஆய்வகம் முன்பு கேப் டவுனில் இருந்தது. ரயில் மின்மயமாகிக் கருவிகளைக் குழப்பியதால் 1941-ல் ஹெர்மானஸுக்கு வந்தது. 2003 அக்டோபர்ச் சூரியப் புயலுக்குப் பிறகு நம் மின்மாற்றிகளில் சேதம் கண்டார்கள், 2024 மே மாதம் கேப் பக்கம் துருவ ஒளியே தெரிந்தது. காற்று எங்கே வேகம் பிடிக்கிறது என்று தெரியாமல் எப்போது வந்து மோதும் என்று சொல்வது கஷ்டம்.

டொங்காட் செல்வம்

எல்லோருக்கும் நன்றி. இப்போது ஆசை கூடிவிட்டது. 2030-ல் லென்ஸ் முன் ஒரு கிரேட்டிங் (ஒளியைப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) வைத்து நானும் கோடு பிடிக்க முடியுமா? பச்சைக் கோடு வருமா?

விண்மகள்

முடியும். பிளவே வேண்டாம், முழு மறைப்பில் கொரோனா வளையமே ஒவ்வொரு கோட்டிலும் தனித்தனி வளையமாக விழும். ஆனால் 2030 சூரியச் சுழற்சியின் தாழ்நிலையை ஒட்டி வரும். அப்போது கொரோனா குளிர்ந்திருக்கும், பச்சை மெலிந்திருக்கும். ஒன்பது எலக்ட்ரான் இழந்த இரும்பின் சிவப்புக் கோடு, 637.4, பத்து லட்சம் டிகிரி வாக்கில் ஒளிர்வது, அதற்கு வாய்ப்பு அதிகம். சாதாரண கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பாதியைத் தின்றுவிடும், அதைக் கழற்றிய கேமரா பாருங்கள். நவம்பர் நம் கரையில் மழைக்காலம் என்பதையும் மறக்காதீர்கள். மேற்கே போனால் வானம் தெளிவு, சூரியன் தாழ்வு.

கரும்புக்காட்டான்

என்னிடம் ஃபில்டர் கழற்றிய பழைய கேமரா ஒன்று சும்மா கிடக்கிறது, செல்வம். வந்து எடுத்துக்கொள்ளும். நியான் விளக்கின் கோடுகள் 638.3, 640.2-ல் விழும், குண்டு சிஎஃப்எல்லில் பாதரசம் 546.1 தரும். இரண்டையும் வைத்து இப்போதே அளவு குறித்துக்கொண்டால் அன்றைக்கு எது எங்கே விழுந்தது என்று தடவ வேண்டியதில்லை.

டொங்காட் செல்வம்

சனிக்கிழமை வருகிறேன் அண்ணே. கிரேட்டிங் மில்லிமீட்டருக்கு 300 கோடு போதுமா, 600 வேண்டுமா?

கரும்புக்காட்டான்

லென்ஸ் என்ன குவியத்தூரம் என்று முதலில் சொல்லும்.